முழு ஒடிப்பு

ஃபோர்க்லிஃப்ட்டின் இரண்டு இரும்புப் பற்களும் தரையை விட்டு ஒரு சாண்கூட எழும்பவில்லை, அதற்குள் சென்னியப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்தான், எழுந்தான், சுற்றி வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தான். நாற்பத்து நாலு வயசு ஆள், பொள்ளாச்சியில் உடுமலை ரோட்டோரம் பதினெட்டு வருஷமாக ஸ்பிரிங் பட்டறை வைத்திருப்பவன், தாலி கட்டின அன்றைக்குக்கூட இப்படித் தவித்ததில்லை. சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. பட்டறைக்குப் பின்னால் வெறுந்தரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தேங்காய் நார் மில்லிலிருந்து ஜமால் பாய் தன் வண்டியை உருட்டி வந்திருந்தார். வருஷம் முழுக்க நார்க் கட்டுகளைத் தூக்குகிற வண்டி, இன்றைக்கு ஒரு ஜீப்பின் முன் வலது சக்கரத்தை மட்டும் தூக்குகிறது. பல்லின் மேல் பலகை, பலகையின் மேல் கிரீஸ் தடவிய இரண்டு தகரம், அதன் மேல் டயர். ஜீப்புக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவன் பெண்டாட்டி சுகுணா. நாளைக் காலையில் கல்குவாரியில் நடக்கிற ஆஃப்ரோடு போட்டியில் இந்த ஜீப்பை ஓட்டப் போகிறவள் அவள்தான். போட்டிக்குப் பேர் கொடுத்த இருபத்தாறு பேரில் ஒரே பெண். சக்கரம் போகிற மட்டும் மேலே ஏறி, ஸ்டியரிங்கையும் கடைசிவரை ஒடித்த பிறகு டயர் மட்கார்டில் இடிக்குமா, இடிக்காதா, இவ்வளவுதான் கேள்வி. இடித்தால் நாளைக்கு அவள் போகக் கூடாது. அதை அவனே சொல்லிவிட்டான், அவளும் சரி என்று தலையை ஆட்டியிருந்தாள்.

மெதுவா பாய், மெதுவா, என்று சொன்னான். மெதுவாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. பாய் நெம்புகோலைப் பூப்பறிக்கிற மாதிரித்தான் தொட்டார். ஆனால் சென்னியப்பனுக்கு எல்லாமே வேகமாகத் தெரிந்தது, நெஞ்சு அடிக்கிற அடியில் காது அடைத்தது. சக்கரம் ஏற ஏற ஸ்பிரிங் பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று நெளிந்து முனகின, அந்த முனகலில் எந்தப் பட்டை எது என்று அவனுக்குத் தெரியும், ஒவ்வொன்றையும் அவன் கையால் வளைத்துக் கட்டியவன். ஷாக் அப்சர்பரின் பளபளப்பான தண்டு குழாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பதினோரு அங்குல ஓட்டம் உள்ள நீள ஷாக். பழையதில் எட்டுதான். மூன்று அங்குலம் கூடுதலாகச் சக்கரம் கீழே தொங்கும், பள்ளத்தில் தரையை விடாமல் பிடிக்கும், அந்த மூன்று அங்குலத்துக்காக எத்தனை தவம். ஆனால் நீளமான ஷாக் சுருங்கினாலும் நீளமாகத்தான் இருக்கும், தண்டு முழுசாக உள்ளே போய் அடியில் முட்டினால் ஷாக் செத்தது, அதற்கு முன்னாலேயே அச்சை நிறுத்த ஒரு ரப்பர் கட்டை வேண்டும், கட்டை எங்கே நிறுத்துகிறதோ அங்கே டயருக்கு இடம் வேண்டும். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற இந்த வேலையை, ஒரு மத்தியான வேலையை, போன வருஷம் அவன் செய்யவில்லை. நினைப்பு அங்கே போய் நிற்கும் என்று தெரிந்தேதான் ஷாக்கைப் பற்றி நினைத்தான். நின்றது.

போன வருஷமும் இதே ஜீப்தான். நாலு அங்குலம் உயர்த்தினான், பட்டை கூட்டி, நீள ஷாக் போட்டு, பெரிய டயர் மாட்டி. தரையில் இறக்கி நிறுத்தியபோது ஜீப் எழுந்து நின்ற நிற்பைப் பார்த்து அவனுக்கே புல்லரித்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் முஷ்டியை வைத்தான், அதன் மேல் இன்னொரு முஷ்டி. இரண்டு முஷ்டி போனால் தாராளம், இந்தப் பக்கத்து ஜீப்காரர்களுக்கெல்லாம் அதுதான் அளவு, தோப்பு வழியில் தேங்காய் ஏற்றுகிற ஜீப்புக்கு அது போதும்தான். நிற்கிற ஜீப்பில் முஷ்டி போகிறது என்றால் நிற்கிற ஜீப்பில் போகிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஜீப்பை எத்தனை அங்குலம் தூக்கினாலும் ஒரு சக்கரத்தின் மேல் மொத்தப் பாரமும் விழும்போது ஸ்பிரிங் படுத்துவிடும், சக்கரம் பழையபடி அதே இடத்துக்குத்தான் ஏறி வரும், டயர் மட்டும் இப்போது பெரிசு. ஒரு சின்னப்பிள்ளைகூடக் கேட்டால் புரிந்துகொள்கிற கணக்கு. பதினெட்டு வருஷ அனுபவத்துக்கு உறைக்கவில்லை. அனுபவமாம் அனுபவம். முஷ்டியை மடக்கிப் பார்த்தான், விரல்களில் கிரீஸ். அஞ்சு அங்குலம் ஆச்சா மாப்ள என்று பாய் கேட்டார். ஆறு என்றான். ஜீப் இடது பக்கம் சாய ஆரம்பித்திருந்தது, சுகுணா சாய்ந்துகொண்டே, "ஏனுங்க, இன்னும் எவ்வளவுங்க ஏறும்?" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது. "ஒண்ணரை அடி போகும், கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றான். அவளுக்கும் குஷிதான், மறைக்கத் தெரியாது அவளுக்கு, காலையிலிருந்து வீட்டுக்கும் பட்டறைக்கும் நாலு நடை நடந்துவிட்டாள்.

அவளை முதலில் பார்த்ததே ஒரு ஸ்பிரிங்கால்தான். அப்பனின் தோப்பு ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள். "பின்னாடி எடது பக்கம் ரெண்டாவது பட்டை உட்டுருச்சுங்க" என்றாள். அவிழ்த்துப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று இவன் நக்கலாகக் கேட்டான். "சத்தம் கேட்டா தெரியாதுங்களா?" என்று திருப்பிக் கேட்டாள். அவிழ்த்தான், ரெண்டாவது பட்டைதான். அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சோறு இறங்கவில்லை. டிரெய்லர் மாட்டிய டிராக்டரை ரிவர்ஸில் வளைத்துக் களத்துக்குள் விடுகிறவள், ஒரே ஒடிப்பில், திரும்பிக்கூடப் பார்க்காமல். அந்தக் கை. அவனுக்கு அவள் முகத்தைவிட அந்தக் கைதான் முதலில் மனசில் பதிந்தது என்று சொன்னால் அடிக்க வருவாள், சொன்னதில்லை. அந்தக் கைக்குத்தான் இந்த ஜீப்பைக் கட்டினான். அந்தக் கையைத்தான் போன வருஷம், சரி, வேண்டாம், பதினோரு அங்குலம் ஏறியாச்சு, ஷாக்கில் இன்னும் தண்டு பாக்கி இருக்கிறது, நல்லது.

வேண்டாம் என்றால் விடுகிறதா. போன வருஷப் போட்டியில், குவாரியில் ஒரு இடத்தில் பாறை விளிம்பு இடது பக்கம் சரிந்திருந்தது. இடது முன்சக்கரம் குழிக்குள் இறங்கி ஏற வேண்டும், ஏறும்போது இடது பக்கம் முழுக்க ஒடிக்க வேண்டும். அவள் ஒடித்தாள். அழகாக ஒடித்தாள், பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் ஓ என்றது. ஜீப் துள்ளி வலது பக்கம் மொத்தப் பாரத்தோடு உட்கார்ந்தது. அதற்கப்புறம் நேராக்க அவள் திருப்பினாள், ஸ்டியரிங் திரும்பவில்லை. எத்தனை நேரம் என்று நினைக்கிறீர்கள், ஒரு இருமல் நேரம். ஒடித்த சக்கரம் ஒடித்தபடியே இருக்க ஜீப் பாறையில் ஏறி அப்படியே வலது பக்கம் கவிழ்ந்தது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொட்டிலில் போட்ட மாதிரிக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு: "வண்டி மேல ஒண்ணுமில்லீங்க, நான்தான் அளவுக்கு மேல ஒடிச்சுப்போட்டேன்." இவன் கட்டில் பக்கத்தில் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். உரிக்கிற கை நின்றது. தன்னைக் காப்பாற்றுகிறாள் என்று அவனுக்கு உடனே புரிந்தது. பட்டறை பேர் கெடக் கூடாதென்று, நாலு பேர் முன்னால் புருஷன் தலை குனியக் கூடாதென்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறாள். அவளும் அவனும் மட்டும் அறிந்த ரகசியம் அது, வாயைத் திறந்தால் அவள் கொடுத்ததை மூஞ்சியில் விட்டெறிகிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தான். நினைத்தானா, நினைத்துக்கொண்டானா. ஏனென்றால் அன்றைக்கு முன்தினமே அவன் கவிழ்ந்த ஜீப்பைப் பார்த்திருந்தான். நசுங்கின மட்கார்டின் உள்பக்கம், தரை படாத இடத்தில், ஒரு கை அகலத்துக்கு டயர் தேய்த்த கருப்பு. விளிம்பு ரப்பருக்குள் கடித்து மடங்கியிருந்தது. பட்டறை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வேறு எதையும் தொடுவதற்கு முன்னால், முதல் வேலையாக அதைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்தான். பச்சைப் பெயிண்ட். இரண்டு கோட்டு.

ரெண்டு கோட்டு எதற்கு. ஒரு கோட்டு அடித்தாலே கருப்பு தெரியாது. இந்தக் கேள்வி ஒரு வருஷமாக அவனைப் பல் இடுக்கில் மாட்டிய நார் மாதிரிப் படுத்துகிறது. சாப்பிடும்போது, பைக்கில் போகும்போது, அவள் சிரிக்கும்போது. சொல்லிவிடலாம் என்று எத்தனை முறை வாயெடுத்திருக்கிறான். அவளுக்குத்தான் தெரியுமே, தெரிந்ததை எதற்குச் சொல்ல வேண்டும். எப்போதும் இந்த முட்டுச்சந்துக்கே வந்து நிற்பான், நின்று திரும்பிவிடுவான். இந்த வருஷம் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டால் அதுவே சொன்ன மாதிரி என்று முடிவு செய்தான். ரப்பர் கட்டையை இரண்டு அங்குலம் இறக்கினான், ஷாக்கின் மேல் பிடியைப் பிய்த்து உயரத்தில் வைத்து வெல்டு அடித்தான், மட்கார்டை மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெட்டி அகலப்படுத்தினான், உயரத்தை நாலிலிருந்து மூன்றாகக் குறைத்தான். நாலு அங்குலம் உயர்த்திய ஜீப் பார்க்க நன்றாக இருக்கும், மூன்று அங்குலம் உயர்த்திய ஜீப் ஓட்ட நன்றாக இருக்கும், இதைக் கண்டுபிடிக்க அவள் எலும்பு தேவைப்பட்டது. நினைக்கவே அவமானமாக இருந்தது. ஆனால் சந்தோஷமும் அடங்கவில்லை, இரண்டும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன, பதினாறு அங்குலம், பாய் இன்னும் கொஞ்சம், பாய் இன்னும்.

ரப்பர் கட்டை அச்சைத் தொட்டது. தொட்டதும் சத்தமே மாறியது, பட்டைகளின் முனகல் நின்று ஜீப் மொத்தமாகக் கிளம்பி எழும்பப் பார்த்தது. "நிறுத்துங்க பாய்." நிறுத்தினார். சென்னியப்பன் மண்டியிட்டு, பிறகு மல்லாந்து, தலையைச் சக்கரத்துக்கு அடியில் நீட்டினான். ஷாக் தண்டில் அரை அங்குலம் வெள்ளை மிச்சம். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் மூன்று விரலை விட்டான், போனது. எடுத்து மறுபடி விட்டான். மூன்று விரல், முழுப் பாரத்தில், சக்கரம் போகிற உச்சத்தில். எழுந்து உட்கார்ந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை. "போகுது, சுகுணா, மூணு வெரல் போகுது" என்று கத்தினான். பாய் ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்தே கையைத் தூக்கினார். "அப்புறம் என்ன மாப்ள, நாளைக்கு அம்மிணிதான் மொதல்ல" என்றார். சுகுணா சாய்ந்த சீட்டில் காலை உதைத்துக்கொண்டு சிரித்தாள். இனி ஒடிப்புதான் பாக்கி. நேராக நிற்கிற டயர் ஒரு இடம் கேட்கும், ஒடித்த டயர் வேறொரு இடம் கேட்கும், அதன் மூலை சுற்றி வந்து மட்கார்டின் பின்விளிம்பைத் தேடும். போன வருஷம் கடித்த விளிம்பு. "இப்ப எடது பக்கம் ஒடி, கடைசி வரைக்கும்" என்றான்.

கிரீஸ் தகரங்கள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கின, டயர் மெல்லத் திரும்பியது. மூன்று விரல் இரண்டரை ஆயிற்று. நின்றது. இன்னும் ஒடி என்றான். கொஞ்சம் நகர்ந்தது, நின்றது. "அவ்வளவுதானுங்க" என்றாள். அவ்வளவு இல்லை. இன்னும் கால் சுற்று இருக்கிறது, அவன் கட்டிய ஸ்டியரிங் அது, அவனுக்குத் தெரியாதா. நிமிர்ந்து பார்த்தான். இரண்டு கையும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன, முகத்தில் சிரிப்பைக் காணோம். அப்போதுதான் அவனுக்கு அந்த ஒரு வருஷமும் கண்முன்னால் ஓடியது. நார் மில் சந்தில் மாட்டு வண்டி ஒரே திருப்பில் திரும்புகிற இடத்தில் அவள் காரை முன்னால் விட்டு, பின்னால் எடுத்து, மறுபடி முன்னால் விட்டுத் திரும்புவாள். மார்க்கெட்டில் வண்டியை நிறுத்த நாலு தடவை எடுப்பாள். டிராக்டரைத் தொடுவதே இல்லை, கை வலிக்கிறது என்பாள். எலும்பு வலி என்றுதான் இவன் நினைத்தான். நினைத்தது போதாதென்று பாயோடு சேர்ந்து கிண்டல் வேறு, எங்க வீட்டம்மிணி திரும்பறதுக்குள்ள உடுமலை போய் வந்துரலாம் என்று. அவளும் கூடச் சிரித்தாளே. எலும்பு ஆறு வாரத்தில் சேர்ந்துவிட்டது. இது எலும்பு இல்லை. முழுசாக ஒடிக்க அவளுக்குப் பயம். அளவுக்கு மேல் ஒடித்ததால் கவிழ்ந்தது என்று வாயால் சொன்னவள், பொய்யாகச் சொன்னவள், அதற்கு ஏன் பயப்பட வேண்டும்.

சொல்லிவிட்டான். எப்படி ஆரம்பித்தான் என்று பிறகு அவனுக்கே நினைவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்டியிட்டபடி, டயரைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "சுகுணா, அன்னைக்கு ஒடிச்சது சரிதான். டயரு மட்கார்டுல கடிச்சு ஸ்டியரிங் மாட்டிக்கிச்சு. நான் நிக்கற வண்டில அளந்து உட்டுட்டேன்."

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "என்னங்க சொல்றீங்க?"

"உள்பக்கம் கருப்பா தேஞ்சிருந்துச்சு. நீ ஆஸ்பத்திரில இருக்கறப்பவே தட்டி பெயிண்ட் அடிச்சுட்டேன். உனக்குத்தான் தெரியுமே. எனக்காகத்தான பழிய உம் மேல போட்டுக்கிட்டே."

"நான் எதுக்குங்க பொய் சொல்றேன்?" என்றாள். குரல் சின்னதாக இருந்தது. "நான்தான் ஒடிச்சுக் கவுத்தேன்னு நெனைச்சேன். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தானுங்க நெனைச்சுட்டு இருக்கறேன்."

ஃபோர்க்லிஃப்ட் இஞ்சினைப் பாய் அணைத்தார். தெரியாது. அவளுக்குத் தெரியவே தெரியாது. ரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை, தியாகம் என்று ஒன்று இருந்ததில்லை. எல்லாம் இவன் உரித்த ஆரஞ்சோடு இவனே கட்டிக்கொண்ட கதை. ஒரு பெண் தன் கையை ஒரு வருஷம் சந்தேகப்பட்டுக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறாள். மட்கார்டில் கடித்தது ஒரு இருமல் நேரம். இவன் வாயை மூடிக்கொண்டிருந்தது முந்நூற்று அறுபது நாள். அவள் தன் உள்ளங்கைகளை மேலே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், யாருடையதோ என்பது மாதிரி. திட்டுவாள் என்று காத்திருந்தான், இறங்கிப் போய்விடுவாள் என்று காத்திருந்தான். அவள் கையைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்தாள்.

"அப்ப என் கை தப்புப் பண்ணலை" என்றாள்.

"இல்லை."

"நல்லாத்தான் ஒடிச்சிருக்கறேன்."

"ரொம்ப நல்லா ஒடிச்சே."

ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள். தகரங்கள் கிரீச்சிட்டன, டயர் திரும்பியது, முன்பு அவள் நிறுத்திய இடத்தைத் தாண்டித் திரும்பியது, தோள் உயர்ந்தது, முறிந்து சேர்ந்த பக்கத்துத் தோள், அப்புறம் டக் என்று ஸ்டியரிங் போய்க் கடைசியில் முட்டிய சத்தம் ஜீப் முழுக்க அதிர்ந்தது. சென்னியப்பனுக்குக் கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை. ஒரே இழுப்பு, டிராக்டரை வளைக்கிற அதே இழுப்பு. அவனுக்குக் கூத்தாட வேண்டும் போலிருந்தது, ஓடி ஒளிய வேண்டும் போலவும் இருந்தது.

"என் மூஞ்சிய எதுக்குப் பாக்கறீங்க? டயரைப் பாருங்க" என்றாள்.

குனிந்தான். பின்விளிம்புக்கும் டயரின் மூலைக்கும் நடுவில் விரலை விட்டான். ஒரு விரல் நுழைந்தது, நகம் ரப்பரில் உரசிக்கொண்டு போனது, ஆனால் போனது. கையை எடுத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் விட்டுப் பார்த்தான். "போகுது. ஒரு வெரல் போகுது சுகுணா, இடிக்கலை. நாளைக்கு நீ போலாம்."

அவள் அவன் தலைக்கு மேலாக ஃபோர்க்லிஃப்ட்டைப் பார்த்தாள்.

"பாய், கொஞ்சம் எறங்கி வந்து நீங்க பாத்துச் சொல்லுங்க."

ஜமால் பாய் அவனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். சென்னியப்பன் எழுந்து வழிவிட்டான். பாய் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, சட்டைக்கையை மடித்துவிட்டு, விரலை விட்டுப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார், இரண்டு இடத்தில்.

"இருக்குது அம்மிணி. ஒரு வெரல் தாராளமா இருக்குது."

அப்போதுதான் சுகுணா சிரித்தாள், முன்னால் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு. கன்னத்தில் ஈரத்தோடு, பாயைப் பார்த்து. சென்னியப்பன் கிரீஸ் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஜீப்பின் மறுபக்கம் நின்றான்.

"அங்கேயே இருங்க பாய்" என்றாள். "இப்ப வலது பக்கம் முழுசா ஒடிக்கறேன். அதையும் நீங்களே பாருங்க."